டிப்பர் பெட்டி முழுதாக இறங்கும் முன்பே ரயில் பாலத்தில் இடித்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

கேத்திக்காரன், இரவு 9.40

என்னிடம் இருப்பது ஒரே ஒரு டிப்பர். பழைய வண்டி, 14 அடிப் பெட்டி. இன்று மாலை ஒரு வீட்டு வேலைக்கு எம்-சாண்ட் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, மலை ரயில் போகும் சிறிய இரும்புப் பாலத்தில் பெட்டியின் முன்விளிம்பு இடித்துவிட்டது. ஓட்டியவன் என் அக்கா மகன். மழையில் நனைந்த மணல் மூலையில் ஒட்டிக்கொண்டு விழவில்லையாம். பெட்டியைத் தூக்கியபடியே வண்டியை முன்னுக்கு ஓட்டி, பிரேக் அடித்துக் குலுக்கி உதிர்த்திருக்கிறான். பிறகு இறக்கும் லிவரைப் போட்டவன், பெட்டி உட்காரும் வரை காத்திராமல் கிளம்பிவிட்டான். இருட்டும் நேரம், கண்ணாடியில் மூடுபனிதான் தெரிந்தது என்கிறான்.

இடித்த வேகத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பி, பொத்தென்று விழுந்தன. அவனுக்கு நெற்றியில் நான்கு தையல். அக்கா சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. பெட்டியின் முன்பலகை மடங்கிப்போனது போகட்டும். என்னை அரிப்பது வேறு. ஆட்கள் கூடுவதற்குள் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, சுற்றுவழியாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். யாரிடமும் சொல்லவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது, பாலத்தில் கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்தது. இது பெரிய சேதமா? இனி நடக்காமலிருக்க வண்டியில் என்ன மாட்ட வேண்டும்?

ஓய்வுபெற்ற கீமேன், குன்னூர், இரவு 10.05

தம்பி, வண்டியைப் பற்றி அப்புறம் பேசலாம். இந்த நிமிடமே ரயில்வே உதவி எண் 139-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போங்கள். பாலத்தின் சுவரில் எண் எழுதியிருந்தால் அதையும் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். நம் மலைப்பாதையில் இரவில் பயணிகள் ரயில் இல்லை என்பதுதான் உங்களுக்குக் கிடைத்த அவகாசம். காலை முதல் வண்டி வருவதற்குள் ஆள் பார்த்தாக வேண்டும்.

நீங்கள் பெயின்ட்டைப் பார்த்தீர்கள். நானாக இருந்தால் கர்டர், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரம், உட்கார்ந்திருக்கும் மேடையைப் பார்த்திருப்பேன். பாலம் மேலிருந்து இறங்கும் பாரத்துக்காகக் கட்டியது. உங்கள் பெட்டி அதைப் பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது, மேலேயும் நெம்பியிருக்கலாம். கர்டர் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் தண்டவாளம் கோணும். நம் பாதையின் அகலமே ஒரு மீட்டர். 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள். கீமேனாக, சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தைச் சரிபார்த்தபடி அந்தப் பாதையில் தினமும் நடந்தவன் சொல்கிறேன். ஜன்னலில் கை நீட்டிக்கொண்டு பிள்ளைகள் போகும் வண்டி அது. போய்ச் சொல்லிவிட்டு இங்கே எழுதுங்கள், நான் விழித்திருப்பேன்.

மேட்டுப்பாளையம் மெக்கானிக், இரவு 10.50

ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கள். வண்டி விஷயம் இது.

பையனை மட்டும் திட்டாதீர்கள். மலைக் குளிரில் ஹைட்ராலிக் எண்ணெய் கெட்டியாகிவிடும். சமவெளியில் சட்டென்று இறங்கும் காலிப் பெட்டி, அங்கே மெதுவாகத்தான் இறங்கும். கோவையில் ஓட்டிப் பழகியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். இன்னொன்று, கியர்பாக்ஸிலிருந்து பம்பை ஓட்டும் பி.டி.ஓ. அணைக்கப்பட்டதா என்று பாருங்கள். அது ஓடிக்கொண்டே இருந்து லிவரும் சற்று நகர்ந்தால், வண்டி போகும்போதே பெட்டி எழும்பும். ஏற்றத்தில் இன்ஜின் எப்படியும் முனகும் என்பதால் ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது.

14 அடிப் பெட்டி 30 டிகிரி எழும்பினால் முன்விளிம்பு 7 அடி மேலே போய்விடும். சரக்கு லாரிக்குச் சட்டம் அனுமதிக்கும் உயரம் பொதுவாக 4 மீட்டர்தான். மின்கம்பியிலும் இதே ஆபத்து உண்டு. கம்பியில் பட்டுவிட்டால் இறங்கக் கூடாது, மின்சாரத்தை நிறுத்தும் வரை கேபினுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

சேஸிஸில் பெட்டி உட்காரும் இடத்தில் ஒரு லிமிட் சுவிட்ச், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு, கூடவே பஸ்ஸர். பெட்டி முழுதாக உட்காரும் வரை கத்திக்கொண்டே இருக்கும். தொந்தரவு என்று சில டிரைவர்கள் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள்; மருமகனிடம் அதை இப்போதே சொல்லிவையுங்கள். ஒட்டிய மணலை மண்வெட்டியால்தான் தள்ள வேண்டும், குலுக்கி உதிர்க்கக் கூடாது.

கேத்திக்காரன், மறுநாள் பகல் 12.15

கீமேன் ஐயாவின் பதிலைப் படித்த கையோடு மருமகனையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். வழக்கு வரும், வரட்டும். கட்ட வேண்டியதைக் கட்டுகிறேன்.

விடியும் முன்பே விளக்குகளோடு வந்து அளந்தார்கள். கர்டர் நகரவில்லை. ஆனால் ஒரு முனையில் இரண்டு போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. ஒன்றை விரலாலேயே சுழற்ற முடிந்ததை என் கண்ணால் பார்த்தேன். மாற்றி முடுக்கிய பிறகு, முதல் வண்டியை அந்த இடத்தில் நடை வேகத்தில் விட்டார்கள். நானும் அவனும் சாலையோரத்தில் நின்றிருந்தோம். கடைசிப் பெட்டி தாண்டும் வரை அவன் என் சட்டையைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

மெக்கானிக் அண்ணா, பி.டி.ஓ. அணைந்துதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கீழே கொண்டுவருகிறேன், சுவிட்சை நீங்களே மாட்டிவிடுங்கள்.