கண்மாய் தூர்வாரும்போது மயில் உள்ளானுக்கு இடம் விடுவது எப்படி?

கரைமேட்டான்:
வணக்கம். மேலூர் பக்கம் ஒரு சின்னக் கண்மாய். உள்வாய் (கண்மாய்க்குள்ள தண்ணி தேங்குற பகுதி) மூலையில் கோரையும் சம்பும் மண்டிய சேற்றில் மயில் உள்ளான் பறவைச் சோடி நடமாடுது. அடுத்த மாசம் பொக்லைன் இறங்கப் போகுது. கோரையை மொத்தமா வழிச்சு, ஓரம் வரைக்கும் ஒரே ஆழமா வெட்டுறதாப் பேச்சு. ஆயக்கட்டுக்கு (கண்மாய்த் தண்ணி பாயுற வயலுக்கு) தண்ணி குறையாம பறவைக்கும் இடம் விட முடியுமா? கூடு இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சாமநத்தம் பைனாகுலர்:
முடியும் அண்ணே. ஆழமா வெட்டுறது தப்பில்ல, ஓரத்தைச் செங்குத்தா வெட்டுறதுதான் தப்பு. இந்த உள்ளானுக்கு அலகே 4-5 செ.மீ.தான். ஈரச் சேத்துலயும் கணுக்கால் தண்ணியிலயும் துழாவித்தான் புழு, நத்தை, பூச்சி, விதை பொறுக்கும். ஓரம் கிணறு மாதிரி இறங்கினா, கண்மாய் நிறைஞ்சு கிடந்தாலும் அதுக்கு நிக்க இடமில்ல. உள்வாய்ப் பக்கம் 20 அடிக்கு 1 அடி இறங்குற சரிவா விடச் சொல்லுங்க. தண்ணி வத்த வத்த புதுச் சேறு வெளிய வந்துக்கிட்டே இருக்கும், மாசக்கணக்குல இரை கிடைக்கும்.

விவசாயிககிட்ட இதைச் சொல்லுங்க: மடை மட்டத்துக்குக் கீழ வெட்டுற பள்ளத்துத் தண்ணி வயலுக்குத் தானாப் பாயாது. மாடு குடிக்கும், கிணத்துக்கு ஊறும், அவ்வளவுதான். அதனால அந்த மூலையை மடை மட்டத்துக்குக் கீழ வெட்டுறதுல பாசனத்துக்குப் பெருசா லாபம் இல்ல. கரை அடியை ஒட்டியும் வெட்ட விடாதீங்க, கரை சரியும்.

கோரைக்காடு:
கூட்டைத் தேடிக் கோரைக்குள் இறங்கவே கூடாது. மிதித்த தடம் வழியாகக் கீரியும் நாயும் போகும். புல்லை விலக்கிப் படம் எடுத்தால் காக்கைக்கு முட்டை தெரிந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் கரைமேல் உட்கார்ந்து பாருங்கள். இந்த இனத்தில் பெட்டைதான் பளிச்சென்று இருக்கும்: செம்பழுப்புக் கழுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளைப் பட்டை. மங்கலான சேவல்தான் அடைகாக்கிறது, குஞ்சையும் அதுவே மேய்க்கிறது. பெட்டை மட்டும் தொடர்ந்து கண்ணில் பட்டு, சேவலைக் காணவில்லை என்றால் அது முட்டைமேல் இருக்கலாம். வழக்கமாக 4 முட்டை, ஏறக்குறைய 3 வாரம் அடை. பொரித்ததும் குஞ்சுகள் நடந்துவிடும், ஆனால் பறக்காது. ஆகவே அந்த மூலையில் மட்டும் வேலையை 2 மாதம் தள்ளி வைப்பது நல்லது. பதிவு செய்த குரலைப் போட்டு அழைக்கவே வேண்டாம். அடையில் இருப்பது எழுந்து வந்துவிடக்கூடும்.

மறுகால்:
மேலே சொன்னது சரி, ஆனா கோரையை அப்படியே விட்டாலும் கெடுதல். சம்பு அடர்ந்து மூடிட்டா சேறே தெரியாது. வருசத்துக்கு மூணுல ஒரு பங்கு, திட்டுத் திட்டா வெட்டுங்க. நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டி அங்கேயே போட்டா ஒவ்வொரு துண்டும் ஈரத்துல வேர் விடும். கரைக்கு மேல ஏத்திக் காய வைக்கணும். சீமைக்கருவேலத்தை வேரோட எடுக்கலைன்னா மறுபடி தழைக்கும். மீன்பிடித் திருவிழா நடக்கிற ஊருன்னா, அந்த மூலையில மட்டும் ஆள் இறங்காமப் பேசி வைங்க.

கரைமேட்டான்:
ரொம்ப நன்றி. மனு எங்க கொடுக்கிறது?

சாமநத்தம் பைனாகுலர்:
ஆயக்கட்டு 40 எக்டேருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, குறைவா இருந்தா ஊராட்சி ஒன்றியம். நகல் ஒண்ணு வனத்துறைக்கும் கொடுங்க. வரைபடத்துல மூலையைக் குறிச்சு இணைங்க. பொக்லைன் ஓட்டுறவர்கிட்ட வாயால சொன்னா மட்டும் பத்தாது; முதல் நாளே 10 அடிக்கு ஒரு கம்பு ஊணி சிவப்புத் துணி கட்டிடுங்க. அள்ளுற மண்ணையும் அந்தக் கம்புக்கு உள்ள கொட்டக் கூடாது.