கிளியூர் அருவிக்கு அம்மாவை அழைத்துப் போக யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தருமபுரியில் இருந்து எழுதுகிறேன். ஒகேனக்கல்லுக்குப் பலமுறை போய்விட்டோம்; அந்தப் பரிசலும் மீன் வறுவலும் அலுக்கவே அலுக்காது. ஆனால் ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் கிளியூர் அருவியாக விழுவதைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை.

வயது 64, முழங்கால் வலி. வீட்டு வாசலில் இருக்கும் மூன்று படியையே சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குவார். அருவிக்கு இறங்கும் படிகளில் கைப்பிடி இருக்கிறதா? நடுவில் உட்கார இடம் உண்டா?

அப்புறம், சேலம் அடிவாரத்தில் இருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அம்மாவுக்குத் தலைசுற்றி வாந்தி வந்துவிடும். குப்பனூர் வழி பரவாயில்லையா? மழை நின்ற பிறகு எத்தனை நாள் தண்ணீர் விழும்? அண்மையில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள். அருவியை மேலிருந்தே பார்க்க ஓர் இடம் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.