செய்யாத குற்றத்தை அந்தப் பையன்கள் ஏன் ஒப்புக்கொண்டார்கள்?

ஒன்பதாம்வகுப்பு_டீச்சர்:
நியூயார்க் சென்ட்ரல் பார்க் வழக்கைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1989 ஏப்ரல் 19 இரவு, பூங்காவில் ஓட்டப்பயிற்சிக்குப் போன 28 வயதுப் பெண்ணை யாரோ அடித்து, வன்கொடுமை செய்து, குற்றுயிராகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிடிபட்டவர்களில் கெவின் ரிச்சர்ட்சனுக்கும் ரேமண்ட் சான்டானாவுக்கும் 14 வயசு. ஆன்ட்ரான் மெக்ரேக்கும் யூசுஃப் சலாமுக்கும் 15, கோரி வைஸுக்கு 16. தினமும் என் எதிரில் பெஞ்சில் உட்காரும் பையன்களின் வயசு. செய்தவன் மத்தியாஸ் ரேயஸ் என்ற ஒரே ஆள் என்று 2002-இல்தான் தெரிந்தது. ஆனால் ஐந்தில் நாலு பேர் வீடியோவிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்களே, சிலர் பெற்றவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே! அது எப்படி?

ஹார்லெம்_வாசி:
டீச்சர், கேமராவை ஓடவிட்டது கடைசியில்தான். அதற்கு முன்னால் மணிக்கணக்காக நடந்த விசாரணை எதிலும் பதிவு கிடையாது. சரியான தூக்கம் இல்லாத பையனிடம், "மத்தவன் உன் பேரைச் சொல்லிட்டான், நீ பார்த்ததைச் சொல்லிட்டா வீட்டுக்குப் போகலாம்" என்ற தோரணையில் பேசினால் அவன் என்ன செய்வான்? தன்னை ஓரத்தில் நிறுத்திக்கொண்டு மற்றவன் மேல் போடுவான். வாக்குமூலங்களைப் பாருங்கள்: ஒருவன்கூட "நான் வன்கொடுமை செய்தேன்" என்று சொல்லவில்லை. கூட இருந்தேன், பிடித்தேன், செய்தது அவன் என்பார்கள். சாட்சி சொல்லிவிட்டுக் கிளம்பப் போகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். உடந்தையாக இருந்தேன் என்றாலே சட்டத்தில் குற்றவாளிதான் என்பது அந்த வயசில் யாருக்குத் தெரியும்?

பெற்றவர்கள் இருந்தது காப்பாற்றவில்லை. போலீஸ் கேட்பதைச் சொல்லிவிடு என்று தன் அப்பாவே சொன்னதாக மெக்ரே பின்னாளில் சொன்னார். சலாமிடம், அந்தப் பெண்ணின் உடையில் உன் கைரேகை கிடைத்திருக்கிறது என்று ஒரு துப்பறிவாளர் சொன்னார். சுத்தப் பொய். விசாரணையில் போலீஸ் இப்படிப் பொய் சொல்வதை அன்றைய அமெரிக்கச் சட்டம் தடுக்கவில்லை. சலாமின் அம்மா வந்து விசாரணையை நிறுத்தியதால் அவர் கையெழுத்தும் போடவில்லை, வீடியோவிலும் இல்லை. ஆனாலும் தண்டித்தார்கள், அந்தத் துப்பறிவாளரின் சாட்சியத்தை வைத்து.

எனக்குத் தாங்காதது கோரி வைஸின் கதை. போலீஸ் தேடிய பட்டியலில் அவர் பெயரே கிடையாது. நண்பன் சலாமுக்குத் துணையாக ஸ்டேஷனுக்குப் போனவர். காது சரியாகக் கேட்காது. 16 ஆகிவிட்டதால் பெரியவர்கள் கூட இருக்க வேண்டும் என்ற பாதுகாப்பும் இல்லை. பெரியவர்களுக்கான சிறைகளிலேயே ஏறக்குறைய 13 வருஷம் போனது.

கேள்விகேட்பவன்72:
அன்றிரவு 30 பேருக்கு மேல் கும்பலாகப் பூங்காவில் நுழைந்து வேறு சிலரையும் அடித்திருக்கிறார்கள். இவர்களும் அந்தக் கும்பலோடு போனவர்கள்தானே? ஒன்றுமறியாப் பிள்ளைகள் என்று எழுதுவது சரியா?

ஹார்லெம்_வாசி:
கும்பலோடு போனதற்கும் இந்தக் குற்றத்துக்கும் முடிச்சுப் போட என்ன ஆதாரம் இருந்தது, சார்? 1990-இல் வழக்கு நடக்கும்போதே டிஎன்ஏ ஐந்து பேரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை. தாக்கிய நேரம், இடம், ஆயுதம் எதிலும் ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவில்லை. சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 17-ஆம் தேதி, ரேயஸ் இதே பூங்காவில் வேறொரு பெண்ணைத் தாக்கியிருந்தான். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நீதிமன்றத்தில் வழக்கு தொடங்கும் முன்பே, 1989 மே 1-ஆம் தேதி, மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவா என்று நாலு பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார் டொனால்ட் டிரம்ப். ஊர் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டது. 2002 டிசம்பர் 19 அன்று ஐந்து பேரின் தண்டனைகளையும் நீதிபதி ரத்து செய்ததில் நீங்கள் சொல்லும் மற்றத் தாக்குதல்களுக்கான தண்டனைகளும் அடக்கம்.

ஒன்பதாம்வகுப்பு_டீச்சர்:
ரொம்ப நன்றி அண்ணா. ரேயஸ் எப்படி வாயைத் திறந்தான்? இதற்காக அவனுக்குத் தண்டனை கிடைத்ததா?

ஹார்லெம்_வாசி:
ஆபர்ன் சிறையில் கோரி வைஸைச் சந்தித்த பிறகுதான் அவன் பேசினான். டிஎன்ஏ பொருந்தியது. ஆனால் வழக்குப் போடும் காலக்கெடு தாண்டிவிட்டதால் இந்தக் குற்றத்துக்காக அவன் கூண்டில் ஏறவே இல்லை. வேறு கொலை, வன்கொடுமை வழக்குகளில் ஏற்கெனவே 33 வருஷம் முதல் ஆயுள்வரை தண்டனை பெற்றவன். ஐந்து பேருக்கும் சேர்த்து நகரம் 4.1 கோடி டாலர் கொடுத்தது 2014-இல். சலாம் 2023-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்து நகர மன்றத்துக்குத் தேர்வாகியிருக்கிறார்.