கலைச்சொல்: பர்சனல் டேட்டா பிரீச் – ‘தரவுக் கசிவு’ போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

தொண்டு நிறுவனங்களுக்கான தகவல் பாதுகாப்புக் கையேட்டில் ‘டேட்டா பிரீச்’ என்பதற்கு என்ன எழுதுவது? நாளிதழ்கள் ‘தரவுக் கசிவு’ என்கின்றன. சட்டம் சொல்வது அதைவிட அகலம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 தரும் வரையறையில், அனுமதியின்றித் தரவைக் கையாள்வது, தவறுதலாக வெளியிடுவது, பகிர்வது, மாற்றுவது, அழிப்பது, தரவு எட்டாமல் போவது எல்லாமே அடங்கும்.

கணக்கர் கணினியில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்து, டாலி கணக்குக் கோப்புறையையும் நன்கொடையாளர்களின் பான் எண் இருக்கும் எக்செல் தாளையும் பூட்டிவிடுகிறது என்று வையுங்கள். எப்போதும் செருகியே இருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து பூட்டிக்கொள்கிறது. எதுவும் வெளியே போனதாகத் தெரியவில்லை. ‘கசிந்தால் தெரிவி’ என்று கையேடு சொன்னால், கசியவில்லையே என்று ஊழியர் பேசாமல் இருந்துவிடுவார். சட்டப்படி அதுவும் பிரீச்தான். பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் போக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடே இல்லையென்றால் 250 கோடி வரை. 2025 நவம்பரில் வந்த விதிகளின்படி இந்தக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்.

‘தரவுப் பங்கம்’ என்று முன்மொழிகிறேன். ‘பொது அமைதிக்குப் பங்கம்’ என்ற சொல்வழக்கு ஏற்கெனவே இருக்கிறது.

---

> ‘தரவுப் பங்கம்’ என்று முன்மொழிகிறேன்.

ஐயா, வரையறையின் அகலத்தை இந்தச் சொல் தாங்குகிறது. ஆனால் யார் கைக்குப் போகும் என்று பாருங்கள். பெண்கள் காப்பகம் நடத்தும் அமைப்பு, அங்கே தங்கிய பெண்ணுக்கு ‘உங்கள் விவரங்களுக்குப் பங்கம் ஏற்பட்டது’ என்று எழுத முடியுமா? மானபங்கம் என்ற சொல்லோடு சேர்த்துத்தான் படிப்பார். அந்த மடலைப் படித்த நொடியில் அவருக்கு வேண்டியது பதற்றம் இல்லை. என்ன நடந்தது, இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதுதான்.

‘தரவு மீறல்’ என்பதையும் விட்டுவிடலாம். மீறல் என்றாலே மீறியவர் யார் என்ற கேள்வி எழும். 400 நன்கொடையாளர்களின் முகவரியை, ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாத பிசிசியில் போடாமல் எல்லாருக்கும் தெரியும் சிசியில் போட்டு மின்னஞ்சல் அனுப்புவதும், நன்கொடைக்கான வரிச்சலுகை விவரம் இருக்கும் 80ஜி தாளை ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று விட்டுவைப்பதும் கைத்தவறுகள். குற்றம் சாட்டும் தொனி படிவத்தில் இருந்தால் தன்னார்வலர் மறைப்பார். மறைத்த ஒவ்வொரு மணியும் நமக்குத்தான் நட்டம்.

‘காப்புக்குலைவு’ எப்படி? பூட்டு உடைந்தாலும், கதவைத் திறந்து விட்டுப் போனாலும், சாவி தொலைந்தாலும் காப்பு குலைந்ததுதான். ‘காப்பு குலைந்தது’, ‘காப்பு குலைந்த கோப்பு’ என்று வினையாகவும் அடையாகவும் வளைகிறது.

---

அம்மா, காப்புக்குலைவுக்கு என் ஆதரவு. ஓர் இடறல் மட்டும் உண்டு. பேக்கப்புக்குப் பலர் ‘காப்புநகல்’ என்று எழுதுகிறார்கள். காப்புக்குலைவு என்றதும் பேக்கப் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அலுவலகத்தில் எல்லாரும் பேக்கப் என்றே சொல்வதால் கையேட்டிலும் அப்படியே இருக்கட்டும். தலைப்பில் ‘தரவுக்காப்புக் குலைவு’ என்று முழுமையாகவும், உள்ளே ‘காப்புக்குலைவு’ என்று சுருக்கியும் எழுதலாம்.

கசிவைத் தூக்கி எறியவும் வேண்டாம். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின் பட்டியலில் டேட்டா பிரீச், டேட்டா லீக் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. ஆகவே காப்புக்குலைவு பொதுச்சொல். அதன்கீழ் மூன்று வகை. பார்க்கக்கூடாதவர் பார்த்தால் கசிவு. விவரம் மாறிவிட்டால் திரிபு. உதவித்தொகைப் பட்டியலில் ஒரு மாணவியின் வங்கிக் கணக்கு எண்ணை யாரோ மாற்றிவைப்பது இந்த வகை. வேண்டியபோது தரவு கிடைக்காவிட்டால் முடக்கம். ஒரே நிகழ்வில் மூன்றும் சேர்ந்து வரலாம், ஆகவே படிவத்தில் ஒன்றுக்கு மேல் டிக் செய்ய இடம் விடுங்கள்.

செர்ட்-இன்னுக்குத் தகவல் தர அந்த உத்தரவு தரும் கெடு 6 மணி நேரம். கம்பெனிச் சட்டத்தின் பிரிவு 8-இன்கீழ் கம்பெனியாகப் பதிவான தொண்டு நிறுவனங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். லாகுகளை, அதாவது கணினியில் நடந்தவற்றின் பதிவுகளை, 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது அந்த உத்தரவு; புதிய விதிகளோ ஓராண்டு என்கின்றன. ஓராண்டு வைத்துவிட்டால் இரண்டுக்கும் ஆகும்.

---

> படிவத்தில் ஒன்றுக்கு மேல் டிக் செய்ய இடம் விடுங்கள்.

சேர்த்துவிடுகிறேன். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் யாருக்கும் ஆபத்து வர வாய்ப்பில்லை என்றால் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. நம் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. சின்னது பெரியது என்று ஊழியர் தரம் பிரிக்கக் கூடாது. அதனால் படிவத்தின் முதல் வரி: ‘காப்புக்குலைவு என்று சந்தேகம் வந்தாலே நிரப்புங்கள்.’ அடுத்து, தெரியவந்த தேதியும் மணியும். கெடு அங்கிருந்துதான் ஓடுகிறது. பிறகு எந்தக் கோப்பு, எத்தனை பேர், அதில் 18 வயதுக்குட்பட்டோர் உண்டா, உடனே செய்தது என்ன.

‘உடனே செய்தது’ கட்டத்தில் ஒரு குறிப்பும் வேண்டும்: ரான்சம்வேர் என்றால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள். ஃபார்மட் செய்துவிட்டால் கசிவும் நடந்ததா, வெறும் முடக்கம்தானா என்று பிறகு கண்டுபிடிப்பது கடினம்.

ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி தரவேண்டும் என்கிறது சட்டம். தமிழில் ஒப்புதல் தந்தவருக்குக் குலைவுச் செய்தியும் தமிழில் போவதே முறை. வரைவு இது:

‘நீங்கள் எங்களிடம் தந்த பெயர், பான் எண், முகவரி அடங்கிய கோப்பின் காப்பு குலைந்துள்ளது. வகை: கசிவு. எவரும் பார்க்கும்படி இருந்த கோப்பின் லிங்க்கை மூடிவிட்டோம். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது ஓடிபி கேட்டால் தராதீர்கள். விவரம் கேட்க இந்த எண்ணை அழையுங்கள்.’

‘குலைந்துள்ளது’ பேச்சோடு ஒட்டவில்லை என்றால் ‘குலைந்துவிட்டது’ என்று மாற்றலாம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அச்சுக்கு அனுப்ப வேண்டும்.