பாம்பன் பாலத்தில் ஜீப் ஹார்ட்டாப் தூக்குகிறது, என்ன செய்யலாம்?

உச்சிப்புளி 540:

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 1988 மாடல் மஹிந்திரா எம்.எம். 540. அப்பா வாங்கிய வண்டி. படுதாவை எடுத்துவிட்டு அவரே ஃபைபர் ஹார்ட்டாப் (கழற்றி மாட்டுகிற கெட்டிக் கூரை) போட்டார். போல்ட்டைக் கழற்றினால் நாலு பேர் சேர்ந்து இறக்கி வைத்துவிடலாம். தை மாதம் கழற்றுவோம், வெயில் ஏறுவதற்குள் திரும்ப மாட்டிவிடுவோம்.

போன வாரம் அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப் போனேன். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது ரோட்டுப் பாலத்தின் மேட்டில் ஹார்ட்டாப்பின் முன் விளிம்பு, டிரைவருக்கு எதிரே உள்ள பெரிய கண்ணாடியின் ஃபிரேமை விட்டு ஒரு விரல் அளவு எழும்பியது. அந்த இடைவெளியில் வானம் தெரிந்தது. அம்மா பயந்துவிட்டார். 30-க்கு இறக்கி ஓரமாகவே ஓட்டி வந்தேன்.

வீட்டில் பார்த்தால் முன்பக்க போல்ட் இரண்டையும் சுற்றி ஃபைபர் நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கிறது. பின்னால் பாடியில் வெல்டு வைத்த நட் ஒன்று துருப்பிடித்து, முறுக்கினால் சும்மா சுற்றுகிறது. இரண்டு மாதம் முன்பு ஒரு பட்டறையில் பெரிய ஸ்குரூ போட்டு, சுற்றிலும் சிலிக்கான் அடித்துக் கொடுத்தார்கள். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. மேலே கயிறு போட்டு இறுக்கிவிடலாமா?

கீழக்கரை டீசல்:

தம்பி, ஹார்ட்டாப்பைத் தொடுவதற்கு முன் ஒன்று பாருங்கள். முன் போல்ட் இரண்டையும் கழற்றிவிட்டு, கண்ணாடி ஃபிரேமின் மேல் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இந்த வண்டிகளில் அந்த ஃபிரேம் பானெட் பக்கம் மடங்குகிற அமைப்பு. கீழே கீல், பக்கத்துக்கு ஒரு கொக்கி. அவை தேய்ந்திருந்தால் ஃபிரேம் ஆடும், அந்த ஆட்டத்தையெல்லாம் ஃபைபர்தான் வாங்கும். எத்தனை முறை ஒட்டினாலும் அதே இடத்தில்தான் விரியும்.

திரும்பும்போது மட்டும் தூக்கியதற்கும் காரணம் இருக்கிறது. பாலம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து வரும், மண்டபம் நோக்கி வந்தால் அது முகத்தில் அடிக்கும். நீங்கள் 60-ல் வர, எதிர்க்காற்று 30 இருந்தால் கூரைக்கு அது 90. காற்றின் இழுப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும் என்பதால், 60-ல் இருப்பதைப் போல இரண்டே கால் மடங்கு தூக்கும். முன் கதவுக் கண்ணாடிகளை இறக்கி வைத்திருந்தால் காற்று உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளும். பழைய ரயில் பாலத்தில் காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. சரிசெய்யும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கயிறு வீடு வந்து சேர மட்டும் சரி. அதிர்ந்து அதிர்ந்து ஃபைபரை அறுத்துவிடும்.

உச்சிப்புளி 540:

அண்ணே, ஆட்டிப் பார்த்தேன். மேல் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் போய் வருகிறது. இடது கீல் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்து கிடக்கிறது. இத்தனை நாள் ஹார்ட்டாப்பையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். முன் கதவுக் கண்ணாடி இரண்டும் அன்று இறங்கித்தான் இருந்தது.

பாம்பன் படகு வேலை:

நான் நாட்டுப்படகுக்கு ஃபைபர் வேலை செய்கிறவன். கீலுக்கு புஷ் (தேய்ந்த ஓட்டைக்குள் செருகும் குழாய் வளையம்) போட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

முதலில் சிலிக்கானை ஒரு துளி விடாமல் சுரண்டி எடுங்கள். அதன் மேல் ரெசினும் (ஃபைபரை ஒட்டும் பிசின்) ஒட்டாது, பெயின்டும் ஒட்டாது. புளித்த வாடை அடிக்கிற சிலிக்கான் என்றால் இரும்பையும் அரிக்கும், உங்கள் நட் போனதில் அதற்கும் பங்கு இருக்கலாம். அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். உப்பு இருக்கிற பரப்பில் போட்ட ஒட்டு உரிந்து வரும். படகில் அதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

விரிசலின் நுனியில் சின்ன ஓட்டை போட்டால் அது மேலே ஓடாது. மேலே பட்டி பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உட்பக்கம் கிரைண்டரால் சரிவாகத் தேய்க்க வேண்டும். 3 மி.மீ. கனம் என்றால் சரிவு 35 மி.மீ. அகலமாவது வேண்டும். தூசிக்கு மாஸ்க் கட்டாயம். அசிட்டோன் துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வெட்டி, சிறியதிலிருந்து பெரியதாக மூன்று நாலு துண்டு வையுங்கள். ரோலரால் காற்றுக் குமிழ் முழுக்க வெளியேற வேண்டும்.

ஒரு கிலோ ரெசினுக்கு கேட்டலிஸ்ட் (ரெசினைக் கட்ட வைக்கும் திரவம்) 10 மில்லி போதும். நம் வெயிலுக்கு 20 ஊற்றினால் டப்பாவிலேயே கட்டிவிடும். ஒன்றை மறக்கவே கூடாது: கட்டுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர் தனியாக வந்தால் அதையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றாதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அப்புறம் கேட்டலிஸ்ட்.

போல்ட் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, ஃபைபர் கனத்துக்குச் சரியாக வெட்டிய குழாய்த் துண்டை உள்ளே செருகுங்கள். முறுக்கினால் இறுக்கம் குழாயில் நிற்கும், ஃபைபர் நசுங்காது. வாஷர் மட்டும் போதாது. 75-க்கு 50 மி.மீ. அளவில் தகடு வையுங்கள். படகில் எதையாவது பூட்டும்போது நாங்கள் தகடு இல்லாமல் போல்ட் போடுவதே இல்லை.

தொண்டி மெக்கானிக்:

பின் நட்டுக்கு: துருப்பிடித்த பாகத்தை வெட்டி எடுத்து, நட் வைத்த தகட்டை உள்ளிருந்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். போல்ட் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 ரகம் கிடைத்தால் நல்லது, 304-ஐ விட உப்பை அதிகம் தாங்கும். எஸ்.எஸ். போல்ட், எஸ்.எஸ். நட் இரண்டையும் வறண்டபடி முறுக்கினால் பாதியில் பிடித்துக்கொள்ளும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கிரீஸ் தடவி, கையால் மெதுவாக ஏற்றுங்கள். பாடி இரும்பும் எஸ்.எஸ்.ஸும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் போகும். ஓட்டையின் விளிம்புக்கு பிரைமர் அடித்து நைலான் வாஷர் போட்டுவிடுங்கள்.

விளிம்புக்கு சிலிக்கான் வேண்டவே வேண்டாம். கழற்றி மாட்டுகிற டாப்புக்கு டி வடிவ இ.பி.டி.எம். (வெயில் மழை தாங்குகிற ரகம்) ரப்பர்தான் சரி. அது மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். முழுக்க நசுக்கினால் ஒரே வருடத்தில் செத்துவிடும்.

உச்சிப்புளி 540:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கீலுக்கும் பித்தளை புஷ் போட்டாயிற்று, ஃபிரேம் இப்போது அசையவில்லை. ஃபைபர் வேலையை வீட்டு வாசலிலேயே செய்தேன். முதல் தடவை கலக்கியது வெயிலில் கட்டிவிட்டது, மறுநாள் காலை 7 மணிக்குச் செய்ததும் சரியாக வந்தது. நேற்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, 50-க்கு மேல் போகாமல் பாலத்தில் போய் வந்தேன். விளிம்பில் ஒட்டி வைத்த காகிதத் துண்டு கிழியவில்லை. இன்று அம்மாவும் ஏறி உட்கார்ந்தார்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் பின் இடது மூலையில் மட்டும் சொட்டுகிறது. ரப்பர் இணைப்பு அங்கேதான் வருகிறது.

தொண்டி மெக்கானிக்:

மூலையில் இணைப்பு வைக்காதீர்கள் தம்பி. வளைவில் ரப்பர் இழுபட்டு வாய் பிளக்கும். அந்தத் துண்டை எடுத்துவிட்டு, பின் விளிம்பின் நடுவில் இணைப்பு வருகிற மாதிரி ஒரே நீளமாக ஒட்டுங்கள். ஒட்டும்போது இழுக்காமல், அரை சென்டிமீட்டர் அதிகம் விட்டு நெருக்கி வையுங்கள்.