2012 திங்க்பேடுக்கு எஸ்எஸ்டி போடலாமா, அந்தக் காசைப் புதுசுக்குச் சேர்த்து வைக்கலாமா?

கொள்ளிடத்தான்:
வீட்டில் ஒரு திங்க்பேட் டி430 இருக்கிறது, 2012 மாடல். மூன்றாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. என் மனைவி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். கேள்வித்தாள் அடிப்பது, குரோமில் நாலைந்து டேப், வாரத்தில் இரண்டு நாள் ஜூம், அவ்வளவுதான் வேலை. நேற்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து வேர்டு திறந்து முதல் எழுத்து விழ ஏழு நிமிடம் ஆகிறது. கடையில் கேட்டால் "இதுக்குச் செலவு பண்ணாதீங்க சார், புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். ஆபீஸ் நண்பர் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிஸ்க்) மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இரண்டு பேருமே நம்பிக்கையாகச் சொல்வதால் குழப்பமாக இருக்கிறது.

திருப்புளி:
உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. இருபது வருடமாக லேப்டாப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், ஒரே ஒரு பாகத்தை மாற்றி இவ்வளவு வித்தியாசம் தெரிவது இதில் மட்டும்தான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹார்டு டிஸ்க்கில் நிஜமாகவே ஒரு தட்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4 மில்லிசெகண்ட். ஹெட் அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 12 வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒரு சின்னத் துண்டை எடுக்க 16 மில்லிசெகண்ட், நொடிக்கு அறுபது துண்டுதான் கிடைக்கும். விண்டோஸ் கிளம்பும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளை அங்கங்கே போய்ப் பொறுக்குகிறது. பத்தாயிரம் துண்டு என்றால் 160 நொடி, இதில் ஆன்டிவைரஸும் அப்டேட்டும் அதே நேரத்தில் வரிசையில் நிற்கும். எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை, ஒரு துண்டுக்கு 0.1 மில்லிசெகண்ட் போதும், அதே பத்தாயிரத்துக்கு ஒரு நொடி. பெட்டியில் 550 எம்பி வேகம் என்று போட்டிருப்பதை விடுங்கள், உங்களுக்கு உதவப்போவது இந்தச் சின்னத் துண்டுக் கணக்கு. டி430-ல் டிஸ்க்கை இணைக்க இருப்பது சாட்டா 3 இணைப்பு, அதனால் இன்றைக்குக் கடையில் கிடைக்கிற 2.5 அங்குல எஸ்எஸ்டி முழு வேகத்தில் ஓடும்.

மதுரைக் கணக்கர்:
திருப்புளி அண்ணன் போட்ட டிஸ்க் கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. மெஷின் கணக்கையும் போடுங்கள் என்கிறேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓடும், அதற்குப் பிறகு வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-க்கான பட்டியலிலேயே கிடையாது, இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள். இன்று எஸ்எஸ்டி, அடுத்து ரேம், பிறகு பேட்டரி, அதற்கப்புறம் கீல் என்று ஒவ்வொன்றாக வரும். தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைதான், கூட்டிப் பார்த்தால் ஒரு பழைய எட்டாம் தலைமுறை லேப்டாப்பின் பாதி விலை போயிருக்கும். சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டில் பதினைந்து இருபதாயிரத்துக்குள் அப்படி ஒன்று கிடைக்கும், எஸ்எஸ்டி அதிலேயே இருக்கும். எங்கள் அலுவலகத்தில் 2022-ல் ஆறு பழைய மெஷினுக்கு இப்படித்தான் துளித்துளியாகச் செலவு செய்தோம், இன்று அதில் ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

திருப்புளி:
எஸ்எஸ்டிக்குப் போட்ட காசு மெஷினோடு செத்துப்போகாதே சார். கழற்றி அடுத்த மெஷினில் மாட்டலாம்.

மதுரைக் கணக்கர்:
எந்த மெஷினில் மாட்டுவீர்கள்? இப்போது வருகிற பெரும்பாலான லேப்டாப்பில் 2.5 அங்குலப் பெட்டியே கிடையாது, எல்லாம் எம்.2 என்கிற குச்சி வடிவ எஸ்எஸ்டி.

திருப்புளி:
சரி, அது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு யூஎஸ்பி உறை வாங்கிப் போட்டால் நல்ல வெளி டிஸ்க் ஆகிவிடும், காசு வீண் என்று ஆகாது. அப்புறம் அந்த ஐந்து மெஷினும் போனதற்கு டிஸ்க் காரணமா, மதர்போர்டு காரணமா என்று நீங்கள் சொல்லவில்லை. ஆபீஸில் பத்து மணி நேரம் டாலி கணக்கு மென்பொருள் ஓடுகிற மெஷினும் வீட்டில் மாலை இரண்டு மணி நேரம் டியூஷனுக்கு ஓடுகிற மெஷினும் ஒன்றா? அந்தம்மாவுக்குத் தேவை வேர்டும் குரோமும். அதற்கு இந்த ஐ5 இன்றைக்கும் தாராளம்.

பென்குவின் தம்பி:
இரண்டு பேரும் ரேமை விட்டுவிட்டீர்களே. 4 ஜிபியில் விண்டோஸ் 10, குரோம், ஜூம் மூன்றும் திறந்தால் ரேம் நிரம்பி வழியும், வழிந்தது டிஸ்க்குக்குத்தான் போகும். அந்த நேரத்தில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுவதைப் பார்த்து டிஸ்க்தான் குற்றவாளி என்று நினைப்போம், உண்மையில் ரேம் போதவில்லை. டி430 16 ஜிபி வரை எடுக்கும். டிடிஆர்3 என்கிற பழைய வகை ரேம் என்பதால் பழைய பாகம் விற்கிறவர்களிடம் கிடைக்கும், இன்னொரு 4 ஜிபி போடுங்கள். விண்டோஸ் தேதி பற்றிக் கவலை என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுவிடலாம், பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும், தமிழ்த் தட்டச்சும் நன்றாகவே இருக்கிறது.

மதுரைக் கணக்கர்:
தம்பி, வேர்டில் பத்து வருடக் கேள்வித்தாள் வைத்திருக்கிறவரிடம் லினக்ஸ் என்று சொல்வது எளிது. கணக்குப் பாடச் சமன்பாடுகள் லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக வரும் லிப்ரே ஆபீஸில் திறக்கும்போது இடம் மாறினால் பரீட்சைக்கு முதல் நாள் இரவு உட்கார்ந்து யார் சரி செய்வது?

பென்குவின் தம்பி:
நியாயமான கேள்விதான் அண்ணா. அதனால் நேராகப் போடச் சொல்லவில்லை, டிஸ்க்கில் ஏற்றாமல் பென்டிரைவிலிருந்தே லைவாக ஓட்டி அவர்களுடைய பழைய கோப்பு பத்தைத் திறந்து பார்க்கட்டும், சரிவரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

ஸ்டூடியோ அக்கா:
நான் கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இந்தப் பேச்சில் யாருமே சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2019-ல் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத ஒரு எஸ்எஸ்டி போட்டேன். முதல் நாள் இரவு வரை நன்றாக ஓடியது, மறுநாள் காலை பயாஸிலேயே (மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) காட்டவில்லை. சத்தமும் வரவில்லை, முன்கூட்டி ஒரு அறிகுறியும் தெரியவில்லை. அதில் ஒரு கல்யாணத்தின் படம் முழுவதும் இருந்தது. மீட்டுத்தருகிற கடையில் கையை விரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் போய் நின்றது இன்னும் மறக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு ஹார்டு டிஸ்க் போனபோது ஒரு வாரம் டிக் டிக் என்று சத்தம் கொடுத்தது, அந்த ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டேன். அதோடு எஸ்எஸ்டியில் தவறுதலாக அழித்த கோப்பைத் திரும்ப எடுப்பதும் கடினம், அழித்த இடத்தை விண்டோஸே டிரிம் என்று சொல்லித் துடைக்கச் சொல்லிவிடும். வேகம் வேண்டும் என்றால் போடுங்கள் தம்பி, ஆனால் நகல் இல்லாமல் போடாதீர்கள்.

திருப்புளி:
அக்கா சொல்வதை அப்படியே ஏற்கிறேன், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை வைத்து எஸ்எஸ்டியே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. பெயர் தெரிந்த கம்பெனி, மூன்று வருடமோ ஐந்து வருடமோ வாரண்டி, பில் கட்டாயம். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு: குருஷியல் பிஎக்ஸ்500, கிங்ஸ்டன் ஏ400 மாதிரி சாதாரண 240 ஜிபி டிஸ்க்குக்கே 80 டெராபைட் எழுதலாம் என்று கம்பெனி போட்டிருக்கிறது. தினம் 20 ஜிபி எழுதினாலும் 4000 நாள், பதினோரு வருடம். டியூஷன் வேலையில் அதில் பாதி எழுதினாலே அதிகம். இந்த இரண்டிலும் டிராம் (எஸ்எஸ்டிக்குள் எது எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் வேகமான நினைவகம்) கிடையாது. அது உள்ள சாம்சங் 870 ஈவோ மாதிரி ஒன்று கட்டுப்படியானால் நிறைய கோப்பை ஒரே மூச்சில் எழுதும்போது மூச்சு வாங்காது, ஐந்து வருட வாரண்டியும் உண்டு. முடியாவிட்டால் சாதாரணமே போதும், ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் அதுவே வேறு உலகம்.

மதுரைக் கணக்கர்:
வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பாருங்கள் கொள்ளிடத்தான். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எவ்வளவு, மெமரி எவ்வளவு. அதோடு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இறக்கி டிஸ்க்கின் உடல்நிலை என்ன நிறத்தில் வருகிறது என்று சொல்லுங்கள். வியாதி தெரியாமலே நாம் எல்லோரும் மருந்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கொள்ளிடத்தான்:
பார்த்துவிட்டேன். ஒன்றும் திறக்காமல் மெமரி 62 சதவீதம், குரோமும் ஜூமும் திறந்தால் 91. டிஸ்க் மட்டும் ஆன் செய்து பத்து நிமிடத்துக்கு 100-லேயே நிற்கிறது, எதையும் திறக்காமலே. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் நிறம், எச்சரிக்கை என்று வருகிறது. சி5 என்ற வரியில் கடைசி எண் 18. இது மோசமா?

திருப்புளி:
மோசம். எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சி5 என்றால் படிக்க முடியாமல் காத்துக்கிடக்கிற செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள். அந்த மென்பொருள் எண்ணைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும், 18 என்றால் உண்மையில் 24 செக்டர். எண்ணிக்கையாகச் சின்னதுதான், ஆனால் ஆரம்பித்துவிட்டது. உங்கள் ஏழு நிமிடத்தில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம், படிக்க முடியாத இடத்தில் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே நிற்கும், விண்டோஸும் கூடவே நிற்கும். இனி எஸ்எஸ்டியா புதுசா என்ற பேச்சு அப்புறம். இன்று இரவே கேள்வித்தாள், படம் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

பென்குவின் தம்பி:
குளோன்சில்லா என்ற மென்பொருளில் முழு டிஸ்க்கையும் அப்படியே குளோன் (நகல்) எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே வேலையாகப் போய்விடுமே?

திருப்புளி:
நல்ல டிஸ்க்காக இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். அடிபட்ட செக்டர் இருக்கிற டிஸ்க்கில் குளோன் பாதியில் நின்றுவிடும், அல்லது மொத்த 500 ஜிபியையும் படிக்கவைத்து சாகிற டிஸ்க்கைச் சீக்கிரம் சாகடிக்கும். முதலில் முக்கியமான ஃபோல்டர், பிறகு மற்றவை, அதன்பின் எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். விண்டோஸ் 10 டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு கட்டியிருப்பது, டிஸ்க் மாற்றினால் போகாது. ஆபீஸுக்கு மட்டும் கீ எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடி வையுங்கள்.

பென்குவின் தம்பி:
சரி, நகல் எடுப்பதையாவது நான் சொன்ன மின்ட் பென்டிரைவிலிருந்து செய்யுங்கள். விண்டோஸ் ஓடினால் அதுவே டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து எடுத்தால் அந்தத் தொந்தரவு இல்லை.

மதுரைக் கணக்கர்:
டிஸ்க் போகிறது என்றால் என் கணக்கு மாறுகிறது, அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இனி எப்படியும் ஒரு டிஸ்க் வாங்க வேண்டும், மறுபடி ஹார்டு டிஸ்க் வாங்குவதில் அர்த்தமே இல்லை. எஸ்எஸ்டி போடுங்கள். ஆனால் 240 அல்லது 480-ஓடு நிறுத்துங்கள். மெமரி விலை எல்லாம் ஏறிக்கிடக்கிற நேரத்தில் 1 டிபி வேண்டாம். அந்த மெஷினில் அதற்கு மேல் போடுகிற ஒவ்வொரு ரூபாயையும் 2026 அக்டோபரை நினைத்துக்கொண்டு போடுங்கள்.

கொள்ளிடத்தான்:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். அன்றிரவே தம்பி சொன்னபடி மின்ட் பென்டிரைவில் கிளப்பி எல்லாவற்றையும் எடுத்தேன். 2021 கேள்வித்தாள் ஒன்றும் இரண்டு படமும் வரவில்லை, அதில் ஒன்று என் மகள் முதல் நாள் பள்ளிக்குப் போனபோது எடுத்தது. போன் எதிலாவது இருக்கிறதா என்று இன்னும் தேடுகிறோம். அக்கா சொன்னதை இரண்டு வருடம் முன்னால் கேட்டிருந்தால் போயிருக்காது.

480 ஜிபி வாங்கினேன், பில்லோடு. டி430-ல் மாற்றுவது நான் பயந்த அளவு இல்லை. பேட்டரியைக் கழற்றி, பக்கவாட்டு மூடியில் ஒரே ஒரு திருகு, இழுத்தால் டிஸ்க் வந்துவிடுகிறது. பழையதின் இரண்டு பக்கமும் இருந்த ரப்பர் பட்டையைக் கழற்றிப் புதியதில் மாட்டினேன். புதியது 7 மில்லிமீட்டர் கனம்தான், உள்ளே ஆடியதால் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினேன். பயாஸில் டிஸ்க் அமைப்பு எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஹெச்சிஐ என்றே இருந்தது. தம்பி சொன்ன 4 ஜிபி ரேமும் பழையதாக ஒன்று போட்டாயிற்று. இப்போது பட்டனிலிருந்து வேர்டில் முதல் எழுத்து வரை 40 நொடி. ஜூம் ஓடும்போதே வேர்டு திறக்கிறது, அதுதான் என் மனைவிக்குப் பெரிய நிம்மதி.

ஒரு கேள்வி பாக்கி. பேட்டரி இருபது நிமிடம்கூட நிற்பதில்லை, எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகும். மாற்ற வேண்டுமா?

திருப்புளி:
மாற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அணைந்தால் எந்த டிஸ்க்குக்கும் நல்லதில்லை, சாதாரண எஸ்எஸ்டியில் அதைத் தாங்குகிற ஏற்பாடும் கிடையாது. இந்த மாடலின் பயாஸ் ஒரிஜினல் அல்லாத பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறுக்கும், வாங்கும்போதே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மதுரைக் கணக்கர்:
நான் மாற்ற வேண்டாம் என்கிறேன். இருபது நிமிடம் என்பது கோப்பைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்கப் போதுமான நேரம்தான். சார்ஜரைக் குத்தியே வையுங்கள், பேட்டரியைக் கழற்றி வைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குக் கீழே வந்தால் அப்போது யோசிக்கலாம்.

ஸ்டூடியோ அக்கா:
நகல் இப்போது எத்தனை இடத்தில் இருக்கிறது தம்பி?

கொள்ளிடத்தான்:
எஸ்எஸ்டியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று அக்கா. இரண்டும் ஒரே மேஜையில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போகும்போது பென்டிரைவை அங்கே வைத்துவிட்டு வருகிறேன்.