சுஃப்ரேன் கப்பல்கள் பாம்பன் வழியாக வந்தனவா?

தொண்டிக்கரை:
பள்ளிக் கண்காட்சிக்கு, 1782-ல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் வந்த பாதையை வரைபடத்தில் காட்ட வேண்டும். மொரீஷியஸ், கன்னியாகுமரி, பாம்பன், தொண்டி, நாகப்பட்டினம் என்று ஒரு பையன் கோடு இழுத்திருக்கிறான். சரிதானா? அமெரிக்க விடுதலைப் போருக்கு நம் கடலில் என்ன வேலை என்றும் கேட்கிறார்கள்.

சேதுக்கடல்:
கோட்டை அழிக்கச் சொல்லுங்கள். அவருடைய 'ஹீரோ' 74 பீரங்கிக் கப்பல். அந்த அளவுக் கப்பலின் அடிப்பாகம் 20 அடிக்கு மேல் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். பாம்பன் வாய்க்காலில் தோணி போகலாம், இது தரைதட்டும். தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கமும் மணல்திட்டுதான். பாதை இலங்கைக்குக் கிழக்கே சுற்றி வரட்டும்.

1778-ல் பிரான்ஸ் ஆங்கிலேயரை எதிர்த்து அமெரிக்கா பக்கம் சேர்ந்தது, சண்டை இங்கேயும் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். பிள்ளைகளுக்கு இது போதும்.

குறிக்க வேண்டிய சண்டைகள்: 1782-ல் சதுரங்கப்பட்டினம் (பிப். 17), இலங்கைக் கிழக்குக்கரையில் பிராவிடியன் (ஏப். 12), நாகை (ஜூலை 6), திருகோணமலை (செப். 3), 1783-ல் கடலூர் (ஜூன் 20). ஐந்திலும் எதிரே நின்றவர் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸ்.

கொண்டல்:
நாகையைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். காலையில் தென்மேற்குக் காற்று, காற்று வரும் பக்கம் ஹியூஸ். நண்பகல் தாண்டியதும் தெற்கு-தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழுந்தது. இரண்டு வரிசையும் கலைந்து, கப்பல்கள் ஆளுக்கொரு திசையில் திரும்பின. தனியே மாட்டிய பிரெஞ்சுக் கப்பல் 'செவேர்' தலைவர் சரணடைவதாகக் கொடியை இறக்கிவிட்டார். கீழ் அதிகாரிகள் மறுத்து மறுபடி ஏற்றிச் சுட்டார்கள். அவரையும் வேறு சில தலைவர்களையும் சுஃப்ரேன் பதவியிலிருந்து நீக்கினார். எதிரியைவிடச் சொந்தக் கப்பல் தலைவர்களே அவருக்குப் பெரிய தொல்லை என்பேன். சதுரங்கப்பட்டினத்திலேயே பின்வரிசைக் கப்பல்கள் சில நெருங்கி வரவில்லை.

தொண்டிக்கரை:
அப்போ ஐந்திலும் ஜெயித்தார் என்று போடக்கூடாதா?

சேதுக்கடல்:
கூடாது. ஐந்து சண்டையிலும் வரிசைக் கப்பல் (வரிசையில் நின்று சுடும் பெரிய போர்க்கப்பல்) ஒன்றுகூடப் பிடிபடவில்லை. ஆனால் திருகோணமலைக் கோட்டையை ஆகஸ்ட் கடைசியில் பிடித்தார். கடலூரில் 15 கப்பலை வைத்து 18 கப்பலை விலக்கினார். அங்கே ஆள் பற்றாமல் கரைப்படையிலிருந்து 1,200 பேரை ஏற்றிக்கொண்டார்.

கொண்டல்:
அமெரிக்கக் கரைக்குத் தனிப் பெட்டி போடுங்கள்: 1781 செப். 5, செசபீக் விரிகுடா, பிரெஞ்சுத் தளபதி டி கிராஸ் 24 கப்பல், ஆங்கிலத் தளபதி கிரேவ்ஸ் 19. கடல்வழி அடைபட்டதால் அக்டோபர் 19-ல் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தது. அதே டி கிராஸ் மேற்கிந்தியத் தீவுகளில் பிடிபட்ட நாள் 1782 ஏப். 12, பிராவிடியன் சண்டை நடந்த அதே நாள்!

ஐப்பசிப் பாதையை விட்டுவிடாதீர்கள். வடகிழக்குப் பருவக்காற்றில் சோழமண்டலக் கரையில் நங்கூரம் நிற்காது. ஹியூஸ் பம்பாய்க்கும் சுஃப்ரேன் சுமத்ராவின் அச்சேவுக்கும் போனார்கள். இரண்டையும் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.